புதுக்கோட்டை அம்மன் காசு: 'விசய' என்னும் பொறிப்பும் காலக்கணிப்புச் சிக்கலும்

முன்னுரை

சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த சமஸ்தானங்களுள் ஒன்றான புதுக்கோட்டை, 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. அதன் தனி நாணயம் அம்மன் காசு எனப்படும் சிறு செப்புக்காசு. இக்காசின் பொறிப்பைக் கொண்டு அதனை வெளியிட்ட மன்னனையும் காலத்தையும் துணியும் போக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

அடையாளமும் எழுத்தும்

காசின் ஒருபுறம் அமர்ந்த நிலையில் பெண்தெய்வ உருவம் உள்ளது. அது திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், தொண்டைமான்களின் குலதெய்வம். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விசய' என்னும் சொல் மட்டும் காணப்படுகிறது. மன்னனின் உருவமோ முழுப்பெயரோ இல்லை. தமிழ்நாட்டில் தெலுங்குப் பொறிப்பு வியப்புக்குரியதன்று. நாயக்கர் கால அரசவை மரபின் தொடர்ச்சியாகவே அதனைக் கொள்ளலாம்.

'விசய' என்பதை விசயரகுநாதராயத் தொண்டைமானின் (1730–1769) பெயர்ச்சுருக்கமாகக் கொள்வோர் உளர்; போர்வெற்றியைக் குறிப்பதாகக் கொள்வோரும் உளர். முதற்கருத்து காசு மரபின் தோற்றத்திற்குப் பொருந்தலாம். ஆயின் கிடைத்துள்ள ஒவ்வொரு காசுக்கும் அதனை நீட்டித்தல் தவறாகும். 'விசயரகுநாத' என்னும் பெயர் பின்வந்த மன்னர் சிலருக்கும் உண்டு. அன்றியும், அப்பெயரால் வழங்கப்பெறாத இராமச்சந்திரத் தொண்டைமான் (1839–1886), மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் (1886–1928) ஆகியோர் காலத்தும் அச்சொல் மாறவில்லை. எனவே அது மன்னனைச் சுட்டும் பெயர் என்னும் நிலையினின்று நீங்கி, சமஸ்தானத்தின் நிலைத்த முத்திரையாகிவிட்டது எனலாம்.

திருவிதாங்கூர்க் காசுகள் இதற்கு மாறானவை. அங்குச் சங்குச் சின்னம் நிலைத்திருப்பினும், இராமவர்மாவின் 'ஆர்.வி.' என்னும் எழுத்துகள் பாலராமவர்மாவின் ஆட்சியில் 'பி.ஆர்.வி.' என மாறின. அங்கு எழுத்தே ஆட்சியை அறிவிக்கிறது. புதுக்கோட்டையில் எழுத்து அவ்வாறு அறிவிப்பதில்லை.

புழக்கம்

ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசுகள். ஆகவே ஒரு ரூபாய்க்கு 320. பிரித்தானிய இந்திய நாணயத்தில் ஓர் அணாவுக்கு 12 பைசல்லி என்பதால், ஐந்து அம்மன் காசுகள் மூன்று பைசல்லிக்கு, அதாவது காலணாவுக்கு நேராகும். பெருந்தொகைக்குப் பிரித்தானிய ரூபாயே வழங்கியது. நவராத்திரியில் அரிசியோடு இக்காசும் கொடையாக அளிக்கப்பட்டது. மன்னர்கள் தம்மைப் 'பிரகதாம்பாதாசர்' எனக் கூறிக்கொண்ட மரபோடு இதனை இணைத்துக் காணும்போது, மன்னன் பெயரின்றி அம்மன் உருவம் முதன்மை பெற்றதன் காரணம் தெளிவாகும். கொடுப்பவன் மன்னன், கொடை அம்மனுடையது.

முடிவுரை

பொறிப்பு மாறாதபோது காலத்தைக் கணிக்கச் செய்ந்நேர்த்தியே துணையாகும். கையால் அடிக்கப்பட்ட காசுகளில் விளிம்பு ஒழுங்கற்றும் உருவம் மழுங்கியும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இயந்திர அச்சில் வட்டமும் உருவமும் சீராக உள்ளன. எனவே அருங்காட்சியகப் பட்டியல்களில் 'விசய' என்னும் பொறிப்பை மட்டும் சான்றாகக் கொண்டு 18ஆம் நூற்றாண்டெனக் குறிப்பதை விடுத்து, அச்சடிப்பு முறை, எழுத்தமைதி, எடை ஆகியவற்றை ஒருங்கே நோக்கிக் காலம் வகுத்தலே முறையாகும்.