ஹார்ட் காட்டும் சட்டமும் நீதிபதியின் இருக்கையும்

எச். எல். ஏ. ஹார்ட் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சட்டம் என்னும் கருத்து’, சட்டத் தத்துவம் பயில்வோர் விலக்கிச் செல்ல இயலாத நூலாகும். சட்டமென்பது இறையாண்மையுடையோர் தண்டனை அச்சத்தோடு இடும் கட்டளையே என்று ஜான் ஆஸ்டின் 1832இல் வகுத்த கொள்கையை அது தகர்த்தது. கட்டளையும் அச்சமுமே சட்டமாயின், துப்பாக்கி முனையில் பணம் பறிப்பவனுக்கும் அரசுக்கும் அளவில் மட்டுமே வேறுபாடு இருக்கும். பறிகொடுப்பவனுக்கு நிர்ப்பந்தம் உண்டு, கடமை இல்லை. இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டியதே இந்நூலின் நிலையான பேறு.

நடத்தையை ஒழுங்குபடுத்தும் முதல்நிலை விதிகளும், அவற்றை இனங்காணவும் மாற்றவும் தீர்ப்பிடவும் உதவும் இரண்டாம்நிலை விதிகளும் இணைவதே ஹார்ட் கூறும் சட்ட முறைமை. எது சட்டம் என்று காட்டும் அங்கீகார விதியோ, நீதிபதிகளும் அலுவலரும் அதனை ஏற்று ஒழுகுவதனாலேயே நிலைபெறுகிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் இயற்கைச் சட்டத்திற்கு ஒரு குறைந்தபட்ச உள்ளடக்கத்தை அவர் ஒப்புக்கொள்வது கண்டு இறையியல் மாணாக்கர் மகிழ்ந்துவிட வேண்டாம். உயிர்பிழைத்திருத்தலுக்கு அப்பால் அது செல்வதில்லை.

இந்நூலின் உண்மையான சோதனை ஜெர்மனியில் இருக்கிறது. 1944இல் ஒரு பெண், ஹிட்லரைப் பழித்தானென்று தன் கணவனைக் காட்டிக்கொடுத்தாள். மரணதண்டனை விதிக்கப்பட்ட அவன் பின்னர் போர்முனைக்கு அனுப்பப்பட்டான். 1949இல் அவள் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டாள். பொறுக்கவொண்ணா அநீதி சட்டமாகாது என்று ராட்புருக் 1946இலேயே எழுதியிருந்தார். 1958இல் ஹார்ட் இதனை மறுத்தார்: அது சட்டமே, அவளைத் தண்டிக்க வேண்டுமாயின் முன்தேதியிட்ட புதுச் சட்டத்தினால் வெளிப்படையாகத் தண்டிக்கட்டும், விலையை மறைக்க வேண்டாம். (அவர் நம்பிய வழக்கறிக்கை பிழையானது. அந்நீதிமன்றம் நாஸிச் சட்டத்தைச் செல்லாதென அறிவிக்கவில்லை.) இரகசியச் சட்டங்களால் ஆளும் ஆட்சியில் சட்டத்தின் உள்ளொழுக்கமே அழிந்துபோகிறது என்று லான் ஃபுல்லர் அதே இதழில் பதிலிறுத்தார்.

ஹார்ட்டின் நேர்மையை மதிக்கிறோம். ‘இது சட்டம், ஆயினும் கீழ்ப்படியேன்’ என்று சொல்ல அவர் குடிமகனுக்கு இடமளிக்கிறார். ஆனால் கணவனுக்கு மரணதண்டனை விதித்த நீதிபதிக்கு இந்நூல் கூறுவது மிகக் குறைவு. குடிமகனைப் போல அவர் வெளியே நிற்பவரல்லர். அவருடைய ஏற்பே, ஹார்ட்டின் சொந்தக் கணக்கின்படி, அம்முறைமையைத் தாங்கும் தூண். அலுவலர் மட்டும் ஏற்க, ஏனையோர் ஆடுகளைப்போல் கொலைக்களம் சென்றாலும் சட்ட முறைமை இருக்கக்கூடும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவ்வாறாயின், அவ்வேற்பை வெறும் சமூக உண்மையாக மட்டும் விவரித்து நிறுத்துவது எங்ஙனம் போதும்? ஹார்ட் மறைந்தபின் 1994இல் வெளிவந்த பின்னுரையும் பெரும்பாலும் ட்வார்கினுக்கு விடையிறுப்பதிலேயே முனைந்து, இவ்வினாவை விட்டுச் செல்கிறது.