உடையவர் நீங்கிய உடைமைகள்

ஒரு பொருள் கலைக்குரியதாவது அதன் வனப்பினாலா, அன்றி அதனை வைத்திருந்தவரின் வாழ்வினாலா? யப்பானிய ஒளிப்படக் கலைஞர் இஷியுச்சி மியாக்கோவின் (பிறப்பு 1947) படைப்புகள் இவ்வினாவை எம்முன் வைக்கின்றன.

2000ஆம் ஆண்டில் தாயார் காலமானபின், அவர் விட்டுச்சென்ற உதட்டுச் சாயங்கள், உள்ளாடைகள், மயிரிழை சிக்கிய சீப்பு, பொய்ப்பற்கள் ஆகியவற்றை இஷியுச்சி படம்பிடித்தார். 2005இல் வெனிஸ் கண்காட்சியின் யப்பானிய மண்டபத்தில் இடம்பெற்ற இத்தொடரின் பெயர் 'மதர்ஸ்'. தாயினுடைய என்பது அதன் பொருள். தாயினுடைய எது என்பது கூறப்படவில்லை. ஆறாம் வேற்றுமையோடு நின்றுவிடும் தலைப்பு இது.

இவ்வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளைத் தமிழ் இலக்கணகாரர் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். சாத்தனது கை என்பது முன்னையது. சாத்தனது வீடு என்பது பின்னையது. தாயார் உயிரோடிருக்கையில் அவரது உடலிலிருந்த தீப்புண் தழும்புகளையும் மகள் படம்பிடித்திருந்தார். தழும்பு தற்கிழமை, உள்ளாடை பிறிதின்கிழமை. எனினும் இவ்விருவகைப் படங்களையும் அருகருகே நோக்குமிடத்து இப்பாகுபாடு தளர்கிறது. ஒளி ஊடுருவும் மெல்லாடை உரிக்கப்பட்ட தோலெனவே தோன்றுகின்றது. பிறிதின்கிழமையைத் தற்கிழமையாக மாற்றுவதே இக்கலையின் செயல் எனலாம்.

2007இல் அவர் ஹிரோஷிமா அமைதி நினைவு நூதனசாலையிலுள்ள, அணுகுண்டினால் மாண்டோரின் ஆடைகளைப் படம்பிடிக்கத் தொடங்கினார். அவருக்கு முன்னர் தொமொன் கென் 1958இல் வெளியிட்ட 'ஹிரோஷிமா' நூல் உயிர்தப்பியோரின் வடுக்களைக் கறுப்பு வெள்ளையிற் காட்டியது. இஷியுச்சியோ வண்ணத்தை நாடினார். பூவேலை கொண்ட சட்டையொன்றின் நிறமும் தையலும் கருகலோடு சேர்ந்தே தெரிகின்றன. பேரழிவை அழகுபடுத்துதல் தகுமோ என்பது இங்கு எழக்கூடிய தடை. அத்தடை முழுவதும் பொருந்தாது. அச்சட்டையை அணிந்தவளும் அதன் அழகை விரும்பியே அணிந்திருப்பாள். அழகை நீக்கிவிடின் அவள் வெறும் சான்றுப்பொருளாகி விடுவாள். ஆயினும் ஆடை மட்டும் தனித்துத் தோன்றுமிடத்து, போரை நடத்திய அரசுகள் பார்வையிலிருந்து மறைகின்றன. குண்டை வீசிய அமெரிக்காவும் ஆசியாவெங்கும் படையெடுத்த யப்பானும் அப்படத்தில் இல்லை. இது இக்கலையின் உண்மையான குறைபாடு.

மற்றோர் எல்லையும் இதற்குண்டு. இப்படங்கள் யாவும் மரணம் நிச்சயமானபின் எடுக்கப்பட்டவை. எமது நாட்டின் நிலை வேறு. செம்மணிப் புதைகுழியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உடைகளும் பிற பொருள்களும் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, நீதிமன்ற உத்தரவின்படி, அடையாளங் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. இஷியுச்சிக்கு உடையவர் யாரென்பது தெரியும். உடைமையை நோக்குவதே அவர் பணி. அங்கு வந்தவர்களோ உடைமையைக் கொண்டு உடையவரைத் தேடினர். தம் பிள்ளையின் சட்டை அங்கே இருத்தல் வேண்டும் என்றும் இருத்தலாகாது என்றும் ஒருசேர எண்ணி நிற்கும் தாயின் பார்வையை இவ்வழகியல் இன்னும் அறியவில்லை. அத்தகைய பொருள்களைப் படமாக்க விழையும் எம் கலைஞர் இஷியுச்சியிடம் கற்க வேண்டியது பொருளை நெருங்கும் பொறுமையை. பின்பற்றலாகாதது, கதை முடிந்துவிட்டது என்ற அமைதியை.