7805: ஹீட் சிங்க் கடைசியில்தான்

ரெகுலேட்டர் சுட்டால் ஹீட் சிங்க் மாட்டு என்பது பொழுதுபோக்காக சர்க்யூட் செய்கிறவர்களிடம் வழிவழியாக வரும் அறிவுரை. அதில் பாதிதான் சரி. எவ்வளவு வெப்பம், எந்த வழியாக வெளியேறுகிறது என்று கணக்குப் பார்க்காமல் மாட்டிய ஹீட் சிங்க் சில இடங்களில் வீண், சில இடங்களில் போதாது.

7805 என்ற லீனியர் ரெகுலேட்டர் தன்னிடம் வரும் உபரி வோல்ட்டை வெப்பமாக்கித் தள்ளிவிட்டுத்தான் 5 வோல்ட் தருகிறது. உள்ளே 12 வோல்ட், வெளியே 300 மில்லிஆம்பியர் என்றால் 7 × 0.3 = 2.1 வாட். ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 உறையில் ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும் என்கின்றன தரவுத்தாள்கள். ஆக 136 டிகிரி. சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 40 டிகிரி இருந்தால் சில்லு 176 டிகிரிக்குப் போக வேண்டும். வேலை வரம்போ 125தான். அவ்வளவு தூரம் போகவும் விடாது. உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு வெளியீட்டை நிறுத்திவிடும், ஆறியதும் மறுபடி தரும். மைக்ரோகன்ட்ரோலர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். செய்தவரோ புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவருக்கு நிலைமை இன்னும் மோசம். 12 வோல்ட் ஏசியை பிரிட்ஜ் வழியே மாற்றி கெபாசிட்டரில் நிரப்பினால் கிடைப்பது 15.5 வோல்ட் அளவு. அதே 300 மில்லிஆம்பியருக்கு 3 வாட்டைத் தாண்டிவிடும். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருந்தால் 2 வாட்டுக்குள் முடிந்திருக்கும். எந்த அலுமினியத் துண்டும் இவ்வளவு மலிவாக ஒரு வாட்டைக் குறைக்காது.

இனி, மாட்டும் விதம். ரெகுலேட்டரின் காலை மடக்கி, முதுகுத் தகட்டை போர்டோடு சேர்த்துப் படுக்க வைத்து ஸ்குரூ போடுவது பார்க்க அழகாக இருக்கும்; அசையாது. ஆனால் கிளாஸ் எபாக்ஸி போர்டு வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதன் மேலுள்ள செம்போ வழக்கமாக 35 மைக்ரான் கனம்தான். விசாலமான செம்புப் பரப்பை விட்டு, அடிப்பக்கச் செம்போடு துளைகளால் இணைத்திருந்தால் பலன் உண்டு. வீட்டில் செய்யும் டாட் போர்டில் அப்படி ஒரு பரப்பே கிடையாது. அங்கே படுக்க வைத்த ரெகுலேட்டர் போர்டைச் சுட வைக்கும், பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுளையும் தின்னும்.

நிமிர்த்தி நிறுத்தி, வாட்டுக்கு 20 டிகிரி தரத்தில் ஒரு சிறிய ஹீட் சிங்க்கை இறுக்கினால், சில்லிலிருந்து தகடு வரையுள்ள 5 டிகிரியையும் பேஸ்ட்டுக்கு ஒன்றையும் சேர்த்து 26. முன்பு சொன்ன 2.1 வாட்டுக்கு 55 டிகிரி ஏற்றம். 40 டிகிரி பெட்டியிலும் சில்லு 95 டிகிரியில் நிற்கும். அப்போது முதுகுத் தகடு 84 டிகிரி, தொட்டால் கை பொத்துப்போகும். அதற்காக ரெகுலேட்டர் தவிக்கிறது என்று அர்த்தமில்லை. விரலால் தொட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முதலில் ஸ்குரூவை முடுக்கி, பிறகு கால்களை சால்டர் செய்ய வேண்டும். வரிசை மாறினால் முடுக்கும் இழுப்பு முழுவதும் சால்டர் மூட்டில் விழும். பேஸ்ட் மெல்லிய பூச்சாகவே இருக்கட்டும், அப்பினால் அதுவே தடை. 7805-இன் தகடு கிரவுண்ட் என்பதால் அலுமினியப் பெட்டியில் நேராக இறுக்கலாம். அதே துணிச்சலை எல்எம்317-இல் காட்டினால் வெளியீடும், 7905-இல் காட்டினால் உள்ளீடும் பெட்டியோடு ஷார்ட் ஆகும். அவற்றுக்கு மைக்காவும் நைலான் புஷ்ஷும் கட்டாயம். பெட்டிச் சுவருக்கு ரெகுலேட்டரை நகர்த்துகிறவர்கள் சிறு கெபாசிட்டர்களையும் அதன் காலருகே கொண்டுபோக வேண்டும். ஒயர் நீண்டால் ரெகுலேட்டர் அலைவுறத் தொடங்கும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் வெப்பம் இடம் மாறுகிறது, குறைவதில்லை. 1981-இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்81 கணினியில் விசைப்பலகைக்கு அடியில் அலுமினியத் தகட்டோடு ஒரு 7805 இருந்தது; அந்தச் சூட்டுக்கே அது பேர்போனது. ராஸ்பெரி பை இன்னொரு வழிக்குப் போயிற்று. 2014-இல் வந்த பி பிளஸ் மாடலில் லீனியர் ரெகுலேட்டர்களை எடுத்துவிட்டு ஸ்விட்சிங் வகையைப் போட்டதில் அரை வாட் முதல் ஒரு வாட் வரை மிச்சமானதாக அதைச் செய்தவர்களே அறிவித்தார்கள்.

அதனால் என் தீர்ப்பு இது. முக்கால் வாட் வரை எதுவும் மாட்ட வேண்டாம். இரண்டு வாட் வரை, உள்ளீட்டு வோல்ட்டைக் குறைக்க வழியே இல்லையென்றால் மட்டும், நிமிர்ந்த ஹீட் சிங்க். அதற்கு மேல் பெரிய ஹீட் சிங்க் தேடுவது பிடிவாதம்; எல்எம்2596 போன்ற ஸ்விட்சிங் வகை பக் கன்வெர்ட்டர் மாட்யூல் போதும்.

ஸ்விட்சிங் இரைச்சல் ரேடியோவுக்கும் ஆடியோவுக்கும் ஆகாது என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். அங்கே பக் கன்வெர்ட்டரால் 7.5 வோல்ட்டுக்கு இறக்கி, பின்னால் 7805-ஐ வையுங்கள். 300 மில்லிஆம்பியருக்கு அது எரிப்பது முக்கால் வாட். ஹீட் சிங்க் இல்லாமலே, அதே 40 டிகிரி பெட்டியில் 89 டிகிரியோடு நின்றுவிடும்.