எழுந்து நின்று கேட்டவர்கள்

மலாயாவின் முதல் நாடாளுமன்றத்தில் நம்மவர் பேச்சு பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தம்பிகள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். மூத்தவர்கள் பலர் இருக்க நான் எழுதுவது முறையா என்று தயங்கினேன். தலைவர் அண்ணன் தொலைபேசியில் ஒரே சொல்லாக "எழுது" என்றார். அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை.

1959 ஆகஸ்ட் தேர்தல் கதையை நம் மன்றத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 104 இடங்களில் கூட்டணிக்கு 74, பாஸ் கட்சிக்கு 13, சோசலிஸ்ட் முன்னணிக்கு 8, நம் பேராக்கின் மக்கள் முற்போக்குக் கட்சிக்கு 4. பிரதமர் துங்கு, சபாநாயகர் ஹாஜி முகமது நோவா ஓமார். அந்த 4 இடங்களும் கிந்தாப் பள்ளத்தாக்கில்தான்: ஈப்போ, மெங்லெம்பு, பத்து காஜா, உலு கிந்தா. லகாட்டிலிருந்து மெங்லெம்புப் பக்கம் போனாலும் பத்து காஜாப் பக்கம் போனாலும் அன்றைக்கு எதிர்க்கட்சித் தொகுதியில்தான் கால் வைக்க வேண்டும். ஈயலம்பத்துச் சீனர்களும் கித்தாக் காட்டுத் தமிழர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது.

நாதசுரத்துக்குப் பாணி இருப்பதுபோல் மன்றப் பேச்சுக்கும் பாணி உண்டு என்பார் எங்கள் வாத்தியார். அவர் மூன்றாகப் பிரிப்பார்: சம்பந்தன் பாணி, சங்கப் பாணி, வக்கீல் பாணி.

சம்பந்தன் பாணிக்காரர்கள் நம் மன்றத்தில் அதிகம். அதில் வியப்பில்லை. சுங்கை சிப்புட்காரர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், அத்தனை காலமும் அமைச்சர். அவர் மேடையில் முழங்கியதைவிட மேசையில் முடித்த காரியம் அதிகம். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், பாலெடுப்பவனே தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். அந்தப் பங்குப் பத்திரத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. துன் சம்பந்தன் அவர்களைக் குறைத்துப் பேச இந்த வாய்க்கு உரிமை கிடையாது. கிள்ளானின் மாணிக்கவாசகமும் இந்த வழி வந்தவர்தான்.

சங்கப் பாணிக்கு வி. டேவிட். 1958இல் உள்நாட்டுப் பாதுகாப்பின் பேரில் தடுத்து வைக்கப்பட்டவர், 1959இல் பங்சாரில் வென்று நாடாளுமன்றத்துக்கு வந்தார். தொழிலாளியின் சம்பளப் பட்டியலே அவருக்குப் பேச்சுக் குறிப்பு. இந்தப் பாணியைப் பற்றி விரிவாக எழுதத் தொழிற்சங்கத்திலேயே இருந்து பழுத்தவர்கள் நம் மன்றத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது எங்களுடையது. அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம் மெங்லெம்பு, தம்பி டி.ஆர். சீனிவாசகம் ஈப்போ, இருவரும் வழக்கறிஞர்கள். 1955 தேர்தலில் 52 இடங்களில் 51 கூட்டணிக்குப் போன சட்டமன்றத்தில், 1957 இறுதியில் ஈப்போ-மெங்லெம்பு இடைத்தேர்தல் வழியாக டி.ஆர். உள்ளே நுழைந்தார். அதற்கு முன் எதிர்வரிசையில் தேர்தலில் வென்றவர் என்று இருந்தது ஒரே ஒருவர். அந்த வெறும் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று ஓர் அரசாங்கத்தைக் குறுக்கு விசாரணை செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1964 கடைசியில் அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது டி.ஆர். நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டுகளை அடுக்கினார். மன்றத்துக்குள் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளியே வந்து சொல்ல முடியுமா என்று சவால் வந்தது. வெளியே வந்தார், பொது மேடையில் அதையே சொன்னார். அமைச்சர் மானநட்ட வழக்குப் போட்டார், தோற்றார், 1965இல் பதவி விலகினார். வாத்தியார் இந்தச் செய்தியைத் தமிழ் நேசனில் வந்த வரிசைப்படி வெட்டி நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதியிருக்கிறார்: "ஆதாரம் எது?" அமைச்சருக்கு மட்டுமல்ல, டி.ஆருக்கும் அதே கேள்வி. ஆதாரம் கையில் இருந்தவர் வெளியே வந்தும் சொன்னார் என்பதுதான் வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

வாத்தியார் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுத்தவர். தலைநகரைப் பார்த்தது இரண்டு முறை. எங்களுக்கு நாடாளுமன்றம் வந்து சேர்ந்ததெல்லாம் அவர் சைக்கிள் பின்சட்டத்தில் கட்டிக்கொண்டு வரும் நாளிதழ் வழியாகத்தான். சாயங்காலம் பெரட்டுக் களத்தில் எங்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார வைப்பார். ஒரு வரிசை அமைச்சர்கள், மறு வரிசை உறுப்பினர்கள். ஒரு கேள்வி, பதில் வந்ததும் ஒரு துணைக் கேள்வி, அவ்வளவுதான். "முதல் கேள்விக்கு அதிகாரி எழுதிக் கொடுத்ததை யாரும் வாசிக்கலாம்டா. துணைக் கேள்வியில்தான் ஆள் நிற்பான், இல்லை விழுவான்" என்பார்.

ஒருநாள் நான் எழுந்து, "லயத்தில் தண்ணிக் குழாய் ஏன் போதவில்லை?" என்று குரலெடுத்துக் கேட்டேன். கைதட்டல் கிடைத்தது. வாத்தியார் தட்டவில்லை. "எத்தனை வீடு? எத்தனை குழாய்? எண்ணினியா?" என்றார். விழித்தேன். உட்காரச் சொன்னார். மறுநாள் விடிகாலையில், அம்மா பால்வாளி எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, லயம் லயமாக எண்ணினேன். 42 வீடு, 3 குழாய். அதில் ஒன்றின் கழுத்தில் வெடிப்பு. யாரோ பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், அதற்கும் மீறிச் சொட்டியது. ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்தேன். சாயங்காலம் அதைச் சொன்னபோது வாத்தியார் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். என் வாழ்நாளில் வாங்கிய பரிசுகளில் அது பெரியது.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைய நிலையைப் பார்க்கிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கு மக்களவையில் இருப்பவர்களில் நம் விழாவுக்கு வந்து சிறப்பித்தவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பை நான் மறுக்கவில்லை. நன்றாகப் படித்துத் தயாராகி வருபவர்களும் உண்டு. ஆனால் சிலரைப் பற்றி எழுதாமல் விட்டால் வாத்தியாருக்குத் துரோகம் செய்தவனாவேன்.

பேச்சு இப்போது கைப்பேசிக்காக நடக்கிறது. அரை நிமிடம் வெட்டிப் போட ஏற்ற இடத்தில் குரல் உயர்கிறது. அது முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறார்கள். துணைக் கேள்வி எங்கே போயிற்று? பதில் வரும்போது கேட்டவரே இருக்கையில் இல்லாததை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி என்ற பெயரில் மூன்று நிமிடச் சொற்பொழிவு, கடைசியில் கேள்வியே காணோம். எண்ணிக்கை கேட்டால் "பலர்", தேதி கேட்டால் "அண்மையில்", பணம் கேட்டால் "பெருந்தொகை". 42 வீட்டுக்கு 3 குழாய் என்று சொல்ல ஒருவர் இல்லையா?

இது மேலே மட்டும் உள்ள நோய் அல்ல. சென்ற ஆண்டு ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போனேன். பதினெட்டுப் பிள்ளைகள். பதினெட்டுப் பேரும் ஒரே இடத்தில் கையை விரித்தார்கள், ஒரே இடத்தில் குரல் தழுதழுத்தது. ஒரு பிள்ளையிடம், நீ சொன்ன புள்ளிவிவரம் எங்கிருந்து என்று கேட்டேன். அழுதுவிட்டது. பிள்ளையைத் தேம்ப வைத்தேன் என்று பெற்றோர் ஏற்பாட்டாளரிடம் முறையிட்டார்கள். எழுதிக் கொடுத்தவரை அல்லவா கேட்டிருக்க வேண்டும்! பிறகு பொன்னாடை, பிறகு வரவேற்புரைக்கு ஒரு வரவேற்பு, ஒவ்வொரு பெயருக்கு முன்னும் நான்கு அடைமொழி, நன்றியுரை மட்டும் இருபது நிமிடம். ஒலிபெருக்கி சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையைச் சொல்லும் செய்தி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எடுப்பதில்லை. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் தினம் ஓடுகிற இளைஞர்களிடம் யார் அவர் என்று கேட்டுப் பார்த்தேன். நான்கு பேரில் மூன்று பேர் நகராண்மைக் கழகத்தில் வேலை செய்த அதிகாரியா என்றார்கள். நான்காமவர் காதில் ஒலிக்கருவியைக் கழற்றவே இல்லை. இரவு தூக்கம் வரவில்லை எனக்கு.

டி.ஆர். 1969 மார்ச்சில், ஐம்பது வயதுகூட நிறையாமல், மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதத்தில் மே கலவரம்; நாடாளுமன்றமே 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. எஸ்.பி. கட்சியைக் கூட்டணிப் பக்கம் கொண்டு போனார், 1974 தேர்தலில் மெங்லெம்புவையும் இழந்தார், அடுத்த ஆண்டே மறைந்தார். அந்த முடிவு சரியா தவறா என்று நம் மன்றத்தில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. வாத்தியார் கடைசிவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கப் போவதில்லை.

அவர் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வெட்டி ஒட்டிய செய்திகள் பழுப்பேறிவிட்டன, சிவப்பு மை மட்டும் மங்கவில்லை. நடுப்பக்கத்தில் "42 – 3, ஒன்று ஒழுகல்" என்று என் பெயரோடு இருக்கிறது. மலர் வெளியீட்டன்று அதை மன்ற நூலக அலமாரியில் வைத்துவிடச் செயலாளர் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பேச்சு வகுப்புப் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம். அட்டை உதிர்கிறது, இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும்.