பச்சை கலாபியா தாளத்தைத் தவறவிடவில்லை

மதிப்பெண் பட்டியலை எல்லோரும் பார்த்தாயிற்று. அதை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. போன வாரம் கெய்ரோவில் பெல்லி டான்ஸ் போட்டியின் பலதி பாணிச் சுற்று முடிந்ததிலிருந்து காதில் விழுவது ஒரே பேச்சுதான். பச்சை கலாபியா (நீள அங்கி) போட்டு ஆடியவர் பாதியில் ஸாகாத் (விரல்களில் மாட்டும் தாளத் தட்டுகள்) அடிப்பதை விட்டுவிட்டாராம். கைக்கும் இடுப்புக்கும் ஒத்துப்போகவில்லையாம், பயிற்சி போதாதாம். பெல்லி டான்ஸை இருபது வருஷமாகப் பார்க்கிறவர்களே இப்படிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு மேடையில் நடந்ததிலேயே கடினமான விஷயம் அந்தக் கை நின்ற நேரம்தான்.

எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். முதலில் அக்கார்டியன் தாளமில்லாமல் தனியாக இழுத்தது. அப்போது யாரும் ஸாகாத் அடிப்பதில்லை, அதில் வழக்கு இல்லை. பிறகு தபலா உள்ளே வந்தது. (நம் ஜோடித் தபலா அல்ல, இடுக்கிக்கொண்டு வாசிக்கும் ஒற்றை முகக் குட மேளம்.) அக்கார்டியன் ஒரு கேள்வி வீசும், தபலா நறுக்கென்று பதில் வைக்கும். துண்டு துண்டாக வெட்டி வாசிக்கும் இந்தப் பகுதியில்தான் மற்ற ஆறு பேரும் வலது-இடது-வலது என்று மும்மை அடிகளைப் பொழிந்தார்கள். பச்சை கலாபியா நாலு கேள்வி-பதில் சுற்று முழுக்க ஒன்றும் அடிக்கவில்லை. நாலாவது சுற்றின் கடைசியில், தபலாவின் பதில் வருவதற்கு அரைக்கணம் முன்னால், மூடிய அடி ஒன்று. டக். அவ்வளவுதான். தபலாக்காரர் தலை நிமிர்ந்து பார்த்ததைக் கவனித்தீர்களா?

தவறவிட்டவருடைய கை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது என் கை. கெய்ரோவில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் வாரம் இருமுறை வகுப்புக்குப் போனேன். முதல் ஜோடியைக் கான் அல்-கலீலி கடைத்தெருவில் வாங்கினேன். சுற்றுலாக்காரர்களுக்கென்றே செய்த மெல்லிய தகடு, டப்பா மூடியைத் தட்டுவதுபோல் சத்தம். மூன்றாம் வகுப்பில் எலாஸ்டிக் நழுவி, கட்டைவிரல் தட்டு பறந்துபோய்க் கண்ணாடியில் மோதியது. அடுத்த ஜோடிக்கு இரண்டு துளை, எலாஸ்டிக் இறுக்கமாக நின்றது. கட்டைவிரலிலும் நடுவிரலிலும் நகத்துக்கும் முதல் கணுவுக்கும் நடுவே மாட்ட வேண்டும். இறுக்கினால் விரல் நுனி நீலம் பூக்கும், தளர்த்தினால் தட்டு சுழலும்.

அப்புறம்தான் நடை. மும்மை என்றதும் நம்மூர் ஆட்கள் திஸ்ரம் என்று நினைத்து 'தகிட' போட ஆரம்பித்துவிடுவார்கள். அது இல்லை. 'தகதிமி'யில் கடைசி 'மி'யை விழுங்கியதுதான் இது: மூன்று அடி, ஒரு வெற்றிடம். ஒவ்வொரு முறையும் வலது கைதான் தொடங்கும். காலோ வலது, இடது என்று மாறிக்கொண்டே போகும். அதனால் இரண்டாவது எட்டில் இடது கால் தரையில், வலது கை அடியில். அங்கேதான் மூளை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கை காலைப் பார்த்துத் தானும் மாறப் பார்க்கும். "நட ஹபீப்தி, கையை மறந்துவிடு" என்பார் ஆசிரியை. மறக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. கீழ்வீட்டுக்காரர்கள் பொறுமைசாலிகள்.

ஆனால் ஒருமுறை மறந்துவிட்டால் பிறகு அது சைக்கிள் மாதிரி. ஷிம்மி (இடுப்பு அதிர்வு) போட்டபடி மும்மை அடிப்பதைப் பார்த்து நீங்கள் கைதட்டுகிறீர்களே, அது தானாக ஓடும் வண்டி. இடுப்பும் கையும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும். இப்போது கையை மட்டும் நிறுத்திப் பாருங்கள். இடுப்பும் நிற்கும், அல்லது தடுமாறி வேகம் கூடும். நான் நூறு தடவை செய்து பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி இடுப்பு செத்துவிடும். பச்சை கலாபியாவின் இடுப்பு நாலு சுற்றும் மாவு சலிக்கிற மாதிரி ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது.

இன்னொரு சாட்சி, விரல்கள். தாளத்தைத் தொலைத்தவர் இரண்டு தட்டையும் அழுத்தி மூடிக்கொள்வார், தப்பித்தவறி ஒலித்துவிடக் கூடாதே என்று. கூடவே கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படத்துக்கு நிற்பதுபோல் ஒரு பாவனை. இவருடைய தட்டுகள் ஒரு விரற்கடை இடைவெளியில் திறந்தே இருந்தன, அடிக்கத் தயாராக.

மற்ற ஆறு பேர் செய்ததற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது: ஜால்ரா. தபலா என்ன சொன்னாலும் ஆமாம் ஆமாம். பரதத்தில் தாளம் நட்டுவனார் கையில், பதில் ஆடுபவர் காலில். இங்கே இரண்டும் ஒரே உடம்பு. அதனால்தான் எப்போது நட்டுவனார், எப்போது ஆட்டக்காரி என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மேல் எகிப்தின் கவாஸி எனும் ஆட்டக்காரப் பெண்களிடம் இந்த முடிவெடுக்கும் பழக்கம் இருந்தது. 1834-இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா ஆட்டக்காரிகளைக் கெய்ரோவிலிருந்து தெற்கே எஸ்னா பக்கம் விரட்டியபோது தட்டுகளும் கூடவே போயின. பின்னால் பெரிய வாத்தியக் குழுக்கள் வந்து, ஸாகாத் அடிக்கவென்றே ஓர் ஆளை உட்கார வைத்தன. ஆடுபவர் கை ஓய்ந்தது. இப்போது போட்டிக்காக மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள், பதக்கம் மாதிரி. மாட்டினால் அடித்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்த சுற்று பதிவு இசைக்கு. அதில் பச்சை கலாபியா தோற்பார் என்றே நினைக்கிறேன், என் மனசுக்குப் பிடிக்காவிட்டாலும். ஒலிப்பதிவில் பெரும்பாலும் ரிக் (கஞ்சிரா போன்ற வாத்தியம்) சலங்கையும் ஸாகாத்தும் முன்கூட்டியே நிரம்பி இருக்கும். இவர் விடுகிற இடத்தை இயந்திரம் அடைத்துவிடும். நிமிர்ந்து பார்க்க ஒரு தபலாக்காரரும் இருக்க மாட்டார். மும்மைக்காரர்களுக்கு அன்று திருவிழா.

அதையும் தாண்டி இறுதிக்கு வந்தால், அங்கே நேரடி வாத்தியம். அதற்குள் இரண்டு மூன்று பேர் இவரைப் பார்த்து வாயடைத்த கையோடு வருவார்கள். அவர்களுடைய இடுப்பு எட்டாவது எண்ணிக்கையில் நிற்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பச்சை கலாபியா ஸயீதி தாளத்தில் தொடங்குவார் என்பது என் கணிப்பு. தும் தக், தும்தும் தக். நடுவில் அடுத்தடுத்து வரும் அந்த இரண்டு 'தும்'களையும் தபலாவுக்கும் இடுப்புக்கும் விட்டுவிட்டு, ஓரத்துத் தக்குகளில் மட்டும் திறந்த அடி வைப்பார்.

அப்படி நடக்கவில்லையென்றால் என் இரண்டு துளை ஜோடியை, பித்தளைத் தட்டைக் கிணுகிணுவென்று ஆட்டிக்கொண்டு அதிமதுரச் சாறு விற்கும் ஒரு கெய்ரோ தெரு வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலுக்கு ஒரு குவளை வாங்கிக்கொள்வேன். அந்தச் சாறு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.