கவிஞனும் நோயும்

'ழ' சிற்றிதழை நடத்தி, 1981இல் 'காகிதத்தில் ஒரு கோடு' தொகுப்பை அளித்த கவிஞர் ஆத்மாநாம், மனநிலைப் பாதிப்புக்குச் சிகிச்சை பெற்றவர். 1984இல், 33ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்நோயே அவர்தம் கவிதைக்கு ஊற்று என்பாரோடு நாம் உடன்படோம். அவர் கவிதைகளில் நாம் காண்பது அளந்த சொல், அடங்கிய எள்ளல், சமூகத்தின்பால் கரிசனை. மனம் கலங்கிய வேளையில் இத்தகைய செதுக்கல் கைகூடுவது அரிது. சிவகாசி வட்டாரத்தில் வாழும் நாம் இதை அறிவோம்: மருந்து தானாகப் பற்றினால் விபத்து, அளந்து அடைத்த கையின் பக்குவமே வானில் பூவாய் விரிகிறது.

மென்மையான மனம் உலகின் வலியை விரைந்து ஏற்கும் என்பது மெய்யே. ஆயினும் அவர் எழுதியிருக்கக்கூடிய கவிதைகளை நோய் பறித்துக்கொண்டது. நம் பங்கில் சோர்ந்து ஒதுங்கும் இளைஞனைக் 'கவிஞன் போக்கு' என விட்டுவிடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். எழுதுகோல் அவன் கையிலேயே இருக்கட்டும்.