அடுத்த அதிகாரம்

யோப்பா பட்டணத்தில், பசி நேரத்தில், மேல்வீட்டில் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார் பேதுரு. நான்கு முனைகளும் கட்டப்பட்ட பெரிய துப்பட்டி போன்ற ஒன்று வானத்திலிருந்து இறங்குகிறது. நாலுகால் விலங்கு, ஊர்வன, பறவை என்று அதற்குள் எல்லாம் இருக்கின்றன. அடித்துச் சாப்பிடு என்கிறது ஒரு குரல். தீட்டானது எதையும் தின்று பழக்கமில்லை என்று மறுக்கிறார் பேதுரு. கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்ல நீ யார் என்ற தொனியில் பதில் வருகிறது. இது மூன்று முறை நடக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தாம் அதிகாரத்தில் உள்ள இந்தக் காட்சி உலகின் பெரும்பாலான கிறிஸ்தவச் சமையலறைகளைத் திறந்துவிட்டது. பன்றி, முயல், இறால், நண்டு எதுவும் விலக்கில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பேதுரு இதை இறைச்சியைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோமானிய நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனதும், எந்த மனிதரையும் தீட்டென்று சொல்லக் கூடாது என்பதே தனக்குக் காட்டப்பட்டது என்கிறார். ஒரே பந்தியில் உட்காராத இரண்டு சமூகங்கள் சேர்ந்து உண்ணவேண்டியிருந்தது. அதற்காக உணவு விதி இளகியது. எந்த மனிதரையும் என்ற அந்தச் சொல்லுக்குள் குழந்தை பெற்ற பெண்ணும் மாதவிலக்கில் இருக்கும் பெண்ணும் வருகிறார்களா என்பதே என் கேள்வி. நான் இறையியல் படித்தவள் அல்ல. பிரதிகளை வரிசையாக வைத்துப் படிப்பது என் தொழில். அப்படிப் படிக்கும்போது விலங்குகளுக்கும் பெண்களுக்கும் இருவேறு நீதி நடந்திருப்பது தெரிகிறது.

எந்த விலங்கைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று பட்டியலிடுவது லேவியராகமத்தின் பதினொன்றாம் அதிகாரம். ஒட்டகம், குழிமுசல், முயல், பன்றி, செதிலும் சிறகும் இல்லாத மீன் எல்லாம் அங்கே விலக்கப்படுகின்றன. பன்னிரண்டாம் அதிகாரம் பிள்ளை பெற்றவளைப் பற்றியது. ஆண் குழந்தை என்றால் ஏழு நாளும் முப்பத்துமூன்று நாளும், மொத்தம் 40 நாள். பெண் குழந்தை என்றால் இரட்டிப்பாக 80 நாள். பதினைந்தாம் அதிகாரம் மாதவிலக்குக்கு வருகிறது. விலக்கப்பட்ட விலங்கின் பிணத்தைத் தொட்டவருக்கும் விலக்கான பெண்ணைத் தொட்டவருக்கும் ஒரே தண்டனை: சாயங்காலம்வரை தீட்டு. எபிரேயத்தில் பன்றிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஒரே சொல்தான் புழங்குகிறது. பதினொன்றாம் அதிகாரத்தைப் பேதுருவின் துப்பட்டி துடைத்துப் போட்டது. அடுத்த அதிகாரம் அப்படியே நின்றது. நூலின் பகுதிக்கும் ஆட்சிக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது இந்த இடத்தில் வசதியாக இருக்கிறது.

இந்த அக்கம்பக்கம் புதிய ஏற்பாட்டிலும் தொடர்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், எட்டாம் அதிகாரம் தொடங்கிப் பத்துவரை, பவுல் படையலிறைச்சியைப் பற்றிப் பெருந்தன்மையோடு பேசுகிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம், அடுத்தவருடைய மனசாட்சி இடறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார். பதினொன்றாம் அதிகாரத்தில் பெண் தலையை மூட வேண்டும் என்கிறார். அங்கே யாருடைய மனசாட்சியும் கேட்கப்படவில்லை. பவுலின் பெயரில் உள்ள தீமோத்தேயுவுக்கான முதல் நிருபம், உணவுகளை விலக்கச் சொல்லும் போதகர்களை நான்காம் அதிகாரத்தில் கண்டிக்கிறது. அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் ஏவாளைக் காரணம் காட்டிப் பெண்ணை மௌனமாக இருக்கச் சொல்கிறது. சாப்பாட்டில் சுதந்திரம் விரியும் பக்கத்துக்கு அருகிலேயே பெண்ணுக்கான வேலி போடப்படுகிறது.

மாற்கு சுவிசேஷம் இதற்கு ஒரு விதிவிலக்கைத் தருகிறது. அதன் ஏழாம் அதிகாரத்தில், வெளியிலிருந்து உள்ளே போகும் உணவு மனிதரைத் தீட்டுப்படுத்தாது என்கிறார் இயேசு. அந்தப் பேச்சு முடிந்ததும் சீரோபேனிக்கியா தேசத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். நோயுற்ற மகளுக்காகக் கெஞ்சுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுவது சரியல்ல என்ற பதில் கிடைக்கிறது. எல்லா உணவும் சுத்தம் என்றான சில வரிகளுக்குள் ஒரு பெண் அசுத்தமான விலங்கோடு வைத்துப் பேசப்படுகிறாள். அவள் விடவில்லை, மேசைக்குக் கீழே விழும் துணுக்குகளை நாய்களும் தின்னுமே என்கிறாள். சுவிசேஷங்களில் இயேசுவோடு வாதாடி வென்றவள் என்று சொல்லத் தகுந்தவள் இவள். ஆனாலும் இவளுடைய விசுவாசத்தைப் புகழ்ந்த அளவுக்கு இவளுடைய வாதத்தைச் சபைகள் புகழ்ந்ததில்லை.

இதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கோடு இருந்த பெண் இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். லேவியராகமத்தின் கணக்குப்படி தொடப்பட்டவர் தீட்டாக வேண்டும். இயேசு தன்னைத் தீட்டானவராகச் சொல்லவில்லை. அவளை மகளே என்று அழைக்கிறார். பேதுருவின் துப்பட்டி போலவே இந்தக் கதையும் ஒரு விதியைத் தளர்த்தியிருக்கலாம். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியொனீசியுஸ் இதைத் தலைகீழாக வாசித்தார். அவள்கூட ஆடையின் ஓரத்தைத்தான் தொட்டாள், அவரைத் தொடவில்லை. ஆகவே விலக்கான பெண் திருவிருந்து மேசைக்கு வரக் கூடாது என்பது அவர் வாதம். ஏறத்தாழ அதே காலத்தில் சிரியாவில் எழுதப்பட்ட ‘திதஸ்காலியா’ என்ற சபை ஒழுங்கு நூல், விலக்கு நாட்களில் ஜெபத்தை விட்டு ஒதுங்கிய பெண்களிடம் பேசுகிறது. ஏழு நாளும் பரிசுத்த ஆவி உங்களை விட்டுப் போய்விடுகிறதா என்ற பொருளில் அவர்களைக் கேட்கிறது. உதிரப்போக்குடைய அதே பெண்ணைத் தன் பக்கத்துக்குச் சாட்சியாக அழைக்கிறது. ஒரே கதை கதவை மூடவும் திறக்கவும் பயன்பட்டது. எந்த வாசிப்பு நிலைக்க வேண்டும் என்பதை முடிவு செய்த மேசையில் அந்தப் பெண் இல்லை.

ஐரோப்பா கிறிஸ்தவத்துக்கு மாறியபோது துப்பட்டியும் முழுதாக விரியவில்லை. 732ஐ ஒட்டி, ஜெர்மானிய மக்களிடையே ஊழியம் செய்த போனிபாஸுக்கு எழுதிய கடிதத்தில் மூன்றாம் கிரகோரி என்ற போப், குதிரை இறைச்சி அருவருப்பானது, தின்றவர்களுக்குத் தவம் விதி என்கிறார். பேதுருவுக்குக் காட்டப்பட்ட நாலுகால் விலங்குகளுள் குதிரைக்கு விலக்கு இருந்ததாகப் பிரதியில் இல்லை. குதிரை, மக்களின் பழைய தெய்வங்களுக்கான படையல். அதைத் தடுக்கவே இந்தத் தடை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் விளக்குகிறார்கள். இதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பு, 668 முதல் 690 வரை கான்டர்பரி பேராயராக இருந்த தியடோரின் தீர்ப்புகளைத் தொகுத்த தவ விதிநூல் குதிரையைப் பற்றி இளக்கமாகப் பேசுகிறது: தடையில்லை, ஆனால் தின்னும் வழக்கமில்லை. அதே நூல், விலக்கு நாளில் கோயிலுக்குள் வந்த பெண் கன்னியாஸ்திரியானாலும் இல்லறத்தாளானாலும் மூன்று வாரம் நோன்பிருக்க வேண்டும் என்கிறது. பிள்ளை பெற்று 40 நாள் ஆகுமுன் வந்தவளுக்கும் அதே தவம். விலங்கு வழக்கத்தின் பெயரால் தப்பியது. பெண்ணின் உதிரத்துக்கு அந்தத் தப்பும் வழி இல்லை.

முன்னோர் யாருக்கும் வேறு வழி தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. அதே கான்டர்பரியின் முதல் பேராயர் அகஸ்டினுக்கு முதலாம் கிரகோரி எழுதியதாக பீடின் வரலாற்று நூலில் வரும் பதில்கள், விலக்கான பெண்ணைக் கோயிலிலிருந்து தடுக்கக் கூடாது, பிள்ளை பெற்ற அதே நேரத்தில் அவள் கோயிலுக்கு வந்தாலும் பாவமில்லை என்கின்றன. தியடோருக்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பதில் இது. இரண்டு வழிகளும் மேசைமேல் இருந்தன. தவ விதிநூல் கடுமையான வழியை எடுத்துக்கொண்டது.

விலங்கையும் பிள்ளையையும் ஒரே மூச்சில் பேரம் பேசிய சபையும் உண்டு. 1000ஆம் ஆண்டையொட்டி ஐஸ்லாந்தின் அல்திங் பேரவை கிறிஸ்தவத்தை ஏற்றபோது, பழைய சட்டத்தில் இரண்டு தொடரலாம் என்று சட்டம் உரைப்பவரான தோர்கெயிர் அறிவித்ததாக 12ஆம் நூற்றாண்டில் ஆரி தோர்கில்சன் எழுதுகிறார். ஒன்று, குதிரை இறைச்சி தின்பது. மற்றது, பிறந்த குழந்தையை வெளியில் கிடத்திச் சாகவிடுவது. சில ஆண்டுகளில் இரண்டு அனுமதிகளும் எடுக்கப்பட்டன என்கிறார். கள்ளிப்பாலின் கதை தெரிந்த வாசகியால் இந்த வாக்கியத்தை எளிதாகக் கடக்க முடியாது. பத்து மாதம் சுமந்தவளின் குழந்தையும் சட்டியில் வேகும் இறைச்சியும் ஒரே விதியின் இரண்டு உருப்படிகளாக எண்ணப்பட்டன. பெற்றவள் என்ன சொன்னாள் என்று ஆரியின் குறிப்பில் ஒரு சொல் இல்லை.

இந்தப் பின்னணியில் எத்தியோப்பியச் சபையைப் பார்க்க வேண்டும். பன்றியைத் தவிர்ப்பதும், ஆண்டில் ஏறத்தாழ 180 நாள் இறைச்சி, பால், முட்டை நீக்கி நோன்பிருப்பதும் அங்கே மரபு. அதே சபை ஆண் குழந்தைக்கு நாற்பதாம் நாளிலும் பெண் குழந்தைக்கு எண்பதாம் நாளிலும் ஞானஸ்நானம் கொடுக்கிறது. பதினொன்றையும் பன்னிரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்ட சபை அது. புளோரன்ஸ் சங்கம் 1442இல் எகிப்தின் கோப்தியச் சபையோடு செய்த ஒப்பந்த ஆணை, மனித சமூகம் ஏற்கும் எந்த உணவையும் பழிக்கக் கூடாது, ஆணாயினும் பெண்ணாயினும் விலங்குகளுக்குள் வேறுபாடு பார்க்கக் கூடாது என்றது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த மிஷனரிகள், எத்தியோப்பியரை யூத வழக்கம் பிடித்தவர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். 1555இல் பேரரசர் கலாவ்தேவோஸ் தன் விசுவாச அறிக்கையில், பன்றியைத் தவிர்ப்பது சட்டத்துக்காக அல்ல, ஊர் வழக்கத்துக்காக. தின்பவரை வெறுப்பதுமில்லை, தின்னாதவரைக் கட்டாயப்படுத்துவதுமில்லை என்று பதில் சொன்னார். வேறொரு பண்பாட்டின் தட்டைப் பற்றி இதைவிடக் கண்ணியமாகப் பேசிய கிறிஸ்தவக் குரல் அந்த நூற்றாண்டில் அரிது.

ஆனால் குற்றம் சாட்டிய ஐரோப்பாவிலும் நாற்பது நாள் கணக்கு உயிரோடுதான் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் பிள்ளை பெற்றவளுக்கான சடங்கின் பெயர் ‘பெண்களின் சுத்திகரிப்பு’. 1552இல் அது ‘நன்றி கூறல்’ ஆனது. மரியாள் லேவியராகமத்தின்படி ஏழைகளுக்குரிய பறவைக் காணிக்கையோடு தேவாலயம் வந்த நாள், பிப்ரவரி 2, கத்தோலிக்க நாட்காட்டியில் 1969 வரை மரியாளின் சுத்திகரிப்புத் திருநாளாகவே இருந்தது. பன்றியைத் தவிர்த்தால் யூத வழக்கம். பெண் 40 நாள் ஒதுங்கினால் பக்தி.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. எத்தியோப்பியாவில் கத்தோலிக்க மாற்றம் அரச ஆணையாக வந்தபோது அதை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் வலத்தா பேத்ரோஸ் என்ற பெண். பேரரசருக்கு நெருக்கமான தன் கணவனைவிட்டு வெளியேறித் துறவியானவர். தன்னைத் தள்ளிவைக்கும் வழக்கங்களும் அடங்கிய ஒரு சபையை அவர் ஏன் காத்தார் என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். வெளியார் வந்து நம் அடுப்பையும் விலக்கையும் சேர்த்துப் பழிக்கும்போது, இரண்டையும் பிரித்துப் பேசும் அவகாசம் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. திதஸ்காலியா வாதாடிய பெண்களும் தாங்களாகவே ஒதுங்கியவர்கள்தான். விலக்கைப் பெண் காப்பதாலேயே அது நியாயமாகிவிடாது. அவளை அறியாதவள் என்று ஒதுக்கிவிட்டு நடத்தும் சீர்திருத்தமும் நியாயமில்லை.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி இறைச்சியை விட்டார். பிராமணச் சமையல்காரர் கைச்சோறு உண்டார். மாட்டிறைச்சி தின்னும் பறங்கியிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டினார். பேதுருவின் துப்பட்டி யாரோடு சேர்ந்து உண்ணலாம் என்பதற்காக விரிந்தது. மதுரையில் யாரோடு உண்ணக் கூடாது என்பதற்காக அது சுருட்டி வைக்கப்பட்டது. 1640 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் பிரிவு வேண்டியிருந்ததே இதற்குச் சான்று.

கடைசியாக ஒரு சொல். பத்தாம் அதிகாரத்தில் பேதுரு மறுப்பதற்குப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘பொதுவானது’. தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘தீட்டு’ என்று எழுதியது. சாதியும் மாதவிலக்கும் பேறுகாலமும் சாவும் ஏறிய சொல் அது. லேவியராகமத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் தமிழ் வேதாகமம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே கிரேக்கத்தில் படிக்கிறவரைவிடத் தமிழில் படிக்கிறவளுக்கு இணைப்பு சட்டென்று காதில் விழுகிறது. எதைத் தீட்டென்று சொல்லக் கூடாது என்று அந்தக் குரல் கட்டளையிடுகிறதோ, அது தன் உடம்பின்மேல் ஒட்டிய சொல்தான் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, வாசல் திறந்தே இருக்கிறது.

பன்றிக்கறியைப் பற்றிக் கேட்டால் பத்தாம் அதிகாரத்தைக் காட்டும் எந்தப் போதகரிடமும், விலக்கு நாளில் திருவிருந்துக்கு வரும் பெண்ணுக்கும் அதே அதிகாரத்தைக் காட்டுவீர்களா என்று கேட்கலாம். பேதுருவுக்கே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. நாமும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.